கைராசியும் தராசும்

அன்புள்ள அக்காவுக்கு,

சமையலைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். பழம் வைத்த கேக்கின் மேல், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசறிய கிரம்பிளைத் தூவிச் சுடுவதை மூன்று முறை முயன்றுவிட்டேன். மூன்றும் தோல்வி. உதிரியாக, மொறுமொறுவென்று நிற்க வேண்டிய கிரம்பிள் உருகி வழிந்து, கேக்கின் மேல் பிசுபிசுவென்று தோல்போலப் படிந்துவிடுகிறது. ஆப்பிள் துண்டுகள் அடியில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. மாவு இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு என்ற கணக்கை நான் ஒருமுறைகூட மீறவில்லை. ஒரு கப் மைதா, அரை கப் வெண்ணெய், அரை கப் சர்க்கரைதான் போட்டேன். நன்றாகக் கலக்கட்டும் என்று ஒருமுறை வெண்ணெயை உருக்கியும் ஊற்றினேன். மூன்றாவது முறை மகளின் பிறந்தநாளுக்காகச் செய்தது. சூடு ஆறிவிடக் கூடாதென்று தட்டைப் போட்டு மூடிவைத்தேன். திறந்தபோது எல்லாம் நமுத்துப் போயிருந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "உனக்கு அந்தக் கைராசி இல்லை, விட்டுவிடு" என்றார். பேக்கிங் பவுடரைக் கூட்ட வேண்டுமா? வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்க்கலாமா? இதெல்லாம் சிலர் கைக்குத்தான் வரும் என்பது உண்மைதானா?

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

பேக்கிங் பவுடரைக் கூட்டாதீர்கள். 150 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதற்கு மேல் போட்டால் கேக் அவசரமாக எழும்பி, வேகும் முன்பே அமுங்கிவிடும். அமுங்குகிற கேக்கில் பழம் இன்னும் ஆழத்துக்குப் போகும். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசிக் கேள்விக்காக. கைராசி என்ற சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் ஒரு பிறந்தநாள் மேசையில் உங்கள்மீது வீசப்பட்டிருக்கிறது என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெரியவர்மேல் கொஞ்சம். உங்கள்மேல் அதிகம். மூன்று முறை செய்திருக்கிறீர்கள். மூன்று முறையும் ஒரே கப்பை எடுத்திருக்கிறீர்கள். கை சரியில்லை என்று யாரோ சொன்னதும் அந்தக் கையைச் சந்தேகித்தீர்களே, கப்பை ஏன் சந்தேகிக்கவில்லை?

உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். 240 மில்லி பிடிக்கும் கப்பில் மைதாவை அழுத்தாமல் நிரப்பினால் ஏறக்குறைய 125 கிராம் இருக்கும். அதே கப்பில் பாதியளவு வெண்ணெய் 113 கிராம். பாதியளவு சர்க்கரை 100 கிராம். நீங்கள் கடைப்பிடித்ததாக நம்பிய இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்பது எடைக் கணக்கு. 125 கிராம் மாவுக்கு அந்தக் கணக்கு கேட்பது 62 கிராம் வெண்ணெயும் 62 கிராம் சர்க்கரையும்தான். நீங்கள் வெண்ணெயில் 50 கிராமுக்கு மேலும், சர்க்கரையில் 38 கிராமும் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். அளவை மீறவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பாத்திரத்தில் மூன்றும் ஏறத்தாழச் சரிசமமாக இருந்திருக்கின்றன. மாவு கெட்டிப்படும் முன்பே அவ்வளவு வெண்ணெயும் உருகிவிடும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரும் உண்டு, அதில் சர்க்கரை கரையும். பிறகு எல்லாம் பாகுபோலப் பரந்து ஓடும். தட்டையான பிஸ்கட் சுடுகிறவர்கள் இப்படி ஓட வேண்டும் என்றுதான் இந்த அளவில் கலக்கிறார்கள். உங்கள் மூன்று கேக்குகளும் நீங்கள் போட்ட எடைக்கு மிகச் சரியாகத்தான் வந்திருக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எனக்கும் இது நடந்தது. பதினான்கு வயதில் முதல்முதலாக ஒரு கேக் சுட்டேன். நடுவில் குழி விழுந்தது. உறவுக்காரர் ஒருவர் குழியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அதே சொல்லைச் சொன்னார். அதன்பின் பதினோரு வருடம் நான் கேக் சுடும் அவன் அடுப்பின் பக்கம் போகவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் குழிக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: வெந்துகொண்டிருக்கும்போது கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். அதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் செலவிட யாருக்கும் மனம் வரவில்லை. கைராசி என்று சொல்லிவிட்டால் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

பெரியம்மா சுடுகிற ஆப்பிள் கேக்கை எல்லோரும் கைராசிக் கணக்கில்தான் எழுதினார்கள். அவர் சமையலறையில் இரண்டு தட்டு வைத்த பழைய தராசு ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் படிக்கற்கள், பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக. எனக்கு இருபத்தைந்து வயதில் ஒருநாள் அவர் கேக்குக்கு வேண்டியதை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் வாசல்படியிலேயே நின்றேன். "உள்ளே வா" என்றார். எனக்குக் கைராசி இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கையைக் காட்டு" என்று என் உள்ளங்கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "சூடு. அவ்வளவுதான்" என்றார். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி இரண்டு கையையும் அதில் வைக்கச் சொன்னார். நன்றாகத் துடைத்ததும் தராசின் முன்னால் நிறுத்தினார். "ராசியும் இல்ல, கீசியும் இல்லடி. தராசு."

அன்று அவர் சொன்னது எல்லாம் என்னிடம் நோட்டில் இருக்கிறது. வெண்ணெய் 32 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். உள்ளங்கைச் சூடு அதற்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் கிரம்பிளுக்கு உள்ளங்கை படவே கூடாது, விரல்நுனிகள் மட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதே எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட வேண்டும். பிறகு பிசற வேண்டும். பிசைவதும் பிசறுவதும் ஒன்றில்லை என்பது நம் மொழிக்கே தெரியும், நாம்தான் மறந்துவிடுகிறோம். பிசைந்தால் எல்லாம் ஓர் உருண்டையாகும். பிசறும்போது ஒவ்வொரு மாவுத் துகளின் மேலும் வெண்ணெய் மெல்லப் பூசப்படுகிறது. அந்தப் பூச்சு தண்ணீரை மாவின் புரதத்தோடு சேரவிடாது. புரதமும் தண்ணீரும் சேர்ந்தால்தான் மாவில் இழுவை வரும். இழுவை வந்துவிட்டால் மொறுமொறுப்பு போயிற்று. கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். சில கட்டிகள் பட்டாணி அளவில், சில மணல்போல. எல்லாம் ஒரே அளவாக வரும்வரை பிசறாதீர்கள். உருக்கிய வெண்ணெயிலும் கிரம்பிள் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் எடைபோட்டு ஊற்றுகிறார்கள்.

கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன். கடைசி நாட்களில் பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. படிக்கற்களைத் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுப்பார், தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். விரல்கள் நடுங்கும். ஆனால் மாவில் கைவைத்த உடனே, "இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கேட்குது, சரியாப் பார்த்தியா?" என்பார். திரும்ப நிறுத்துப் பார்த்தால் 5 கிராம் குறைந்திருக்கும். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். நாற்பது வருடம் நிறுத்து நிறுத்து அந்த விரல்கள் கற்றுக்கொண்டதைப் பிறவியிலேயே வாங்கி வந்த வரம் என்று சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் உண்டு. அவரைப் புகழ்வதாக நினைத்து, அவருடைய உழைப்பையே இல்லாமலாக்கிவிட்டார்கள்.

கிரம்பிள் ஒரு பகட்டான பண்டம் என்றும், அதைச் செய்யத் தனிக் கலைத்திறன் வேண்டும் என்றும் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கேக்கின் மேல் இதைத் தூவுவது ஜெர்மானியர்களின் பழைய வழக்கம். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ஷ்ட்ராய்சல். தூவுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல், அவ்வளவு எளிமையானது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனுக்குள் வந்தன. வெண்ணெய் ஒரு கட்டத்தில் ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 57 கிராமுக்கு இறங்கியது. சர்க்கரை ரேஷன் 1953 வரைக்கும், வெண்ணெய் ரேஷன் 1954 வரைக்கும் நீண்டது. பழத்தை மாவுறையில் மூடிச் சுடும் அளவுக்கு மாவும் கொழுப்பும் கிடைக்காத அந்த வீடுகளில்தான், இருப்பதைப் பிசறிப் பழத்தின் மேல் தூவிச் சுடும் கிரம்பிள் பரவியது. வாரத்துக்கு 57 கிராம் வெண்ணெய் வாங்கியவர்களின் பண்டம் அது. நீங்கள் ஒரு கேக்கின் மேலே மட்டும் தூவியது அதைப்போல இரண்டு பங்கு.

இனி உங்கள் கேக். விட்டம் 20 சென்டிமீட்டர் உள்ள, அடித்தட்டு கழன்று வருகிற டின்னை எடுங்கள். கிரம்பிள் போட்ட கேக்கைக் கவிழ்த்து எடுக்க முடியாது. வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 125 கிராம், முட்டை இரண்டு, மாவு 150 கிராம், முன்பு சொன்னபடி பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி. கேக்குக்கான வெண்ணெய் மட்டும் விரல் வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், 18, 20 டிகிரி. குளிர்ந்த வெண்ணெயில் காற்று ஏறாது, உருகியதில் நிற்காது. ஒரே சமையலில் ஒரே வெண்ணெய், கேக்குக்கு இளகியும் கிரம்பிளுக்குக் குளிர்ந்தும் வேண்டும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரம்பிளுக்கு மாவு 100 கிராம், வெண்ணெய் 50, சர்க்கரை 50. முதலில் இதைப் பிசறி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு கேக் மாவைத் தொடங்குங்கள்.

பழம் மூழ்குவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பழத்தை மாவில் புரட்டிப் போட்டால் மூழ்காது என்பார்கள், பெரிய பலன் இல்லை. கலவை கெட்டியாக இருந்து, துண்டுகள் மெல்லியதாக இருந்தால் நிற்கும். ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர்தான். 300 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு கரண்டி சர்க்கரை தூவி இருபது நிமிடம் வைத்தால் கொஞ்சம் சாறு இறங்கும். அதை வடித்துவிட்டுக் கலவையின் மேல் பரப்பி, அதன்மேல் கிரம்பிளைத் தூவுங்கள். அழுத்தக் கூடாது. கீழேயிருந்து வரும் ஆவி வெளியேற இடுக்கு வேண்டும்.

அவன் அடுப்பின் சூடு 180 டிகிரி. ஐம்பது நிமிடம் ஆகலாம், பழத்தைப் பொறுத்து இன்னும் பத்து நிமிடம் கூடலாம். முதல் முப்பத்தைந்து நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சிவந்ததை வைத்து வெந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், கிரம்பிள் அடியில் இருப்பதை மறைத்துவிடும். பழம் இல்லாத இடமாகப் பார்த்துக் குச்சியை இறக்குங்கள், பழச்சாறு பட்டால் வெந்த கேக்கும் வேகாததுபோலக் காட்டும்.

தட்டைப் போட்டு மூடியது பற்றி. சூடான கேக்கை மூடினால் ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகி, சொட்டுச் சொட்டாக அதன் மேலேயே விழும். அரைமணி நேரம் திறந்தபடி ஆறவிடுங்கள். உங்கள் மகள் அவ்வளவு நேரம் காத்திருப்பாள். அன்று அவளுக்கு நமுத்த கேக் நினைவில் நிற்காது, அம்மாவின் முகம் நின்றிருக்கும். அதனால்தான் அந்தப் பெரியவர்மேல் எனக்கு இவ்வளவு கோபம். அடுத்த முறை அவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குத் தராசு பிடிக்கும். எண் 100 வந்ததும் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எண்ணெய் கேட்டிருந்தீர்கள். கிரம்பிளுக்குச் சேர்க்கலாம், கட்டிகள் குறைந்து மணல்போல வரும், மணமும் குறையும். வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம்தான் என்பதால் 50 கிராம் வெண்ணெய்க்கு 40 கிராம் எண்ணெய் போதும். அதையும் கரண்டியில் அளக்காதீர்கள், எடைபோடுங்கள்.

நான்காவது முறை செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கேக்கின் படம் வேண்டாம். மாவு எத்தனை, வெண்ணெய் எத்தனை, பழம் எத்தனை என்று கிராமில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா