வேலையை விட்டு முழுநேர டிரேடர் ஆகப் போகிறேன் என்கிற மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்ததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைத்து 5 லட்சம் கொடுக்க வேண்டாம். அதே நேரம், "இதெல்லாம் சூதாட்டம், இனி இந்தப் பேச்சே எடுக்காதே" என்று சண்டை போடவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். பையனும் கூட உட்கார்ந்து படித்தால் நல்லது.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவு: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த மகன், கோவையில் ஒரு கம்பெனியில் 22,000 சம்பளம். ஒரு வருடமாக வேலை நேரத்திலேயே போனில் ஆப்ஷன் டிரேடிங். சில மாதங்களில் சம்பளத்தை விட அதிகம் வந்தது என்கிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு வந்து வீட்டில் இருந்தபடியே செய்கிறேன், 5 லட்சம் முதலாகக் கொடுங்கள், மாதம் 25,000 வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்கிறான்.

அவன் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த 25,000 இருக்கிறதே, சிக்கல் முழுவதும் அதில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 25,000 என்றால் வருடத்துக்கு 3 லட்சம். 5 லட்சம் முதலுக்கு அது 60 சதவீதம். பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனிப் பங்கு அறுபது ஆண்டுக் கணக்கில் சராசரியாக வருடத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டித்தான் வளர்ந்தது, அதற்கே உலகம் அவரைக் கொண்டாடுகிறது. உங்கள் மகன் அதைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதம் தவறாமல், முதல் வருடத்திலிருந்தே எடுக்க வேண்டும். எடுத்ததை வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுவதால் முதலும் வளராது. ஒரு மாதம் நஷ்டம் வந்தால்? அந்த மாதமும் கேஸ் சிலிண்டர் வாங்கத்தானே வேண்டும். அப்போது முதலிலிருந்து எடுப்பான். அடுத்த மாதம் குறைந்த முதலை வைத்து அதே 25,000 சம்பாதிக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் கொள்முதல் பணத்தை எடுத்துச் சாப்பிடும் மளிகைக் கடைக்காரர் நிலைமைதான். இங்கே அது இன்னும் வேகமாக நடக்கும். 5 லட்சத்தில் பாதி போய்விட்டால் பழைய இடத்துக்கு வர 50 சதவீத லாபம் போதாது, 100 சதவீதம் வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அனுபவம் உள்ள, கட்டுப்பாடான ஒருவர் வருடத்துக்கு 15 சதவீதம் எடுக்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அவர் மாதம் 25,000 எடுக்க 20 லட்சம் முதல் வேண்டும். அதன் மேல், கையே வைக்காமல் ஒரு வருடச் செலவுக்குத் தனிப் பணம் வேண்டும். விலைவாசி ஏறுவதைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் பற்றாது. பங்குச் சந்தையில் சம்பாதித்து நிம்மதியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அறிவேன். அவர்களில் அநேகம் பேர் வேறொரு தொழிலிலோ வேலையிலோ சேர்த்த பெரிய பணத்தோடு வந்தவர்கள். யூடியூபில் அந்தப் பகுதியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

முதல் சிறியது, தேவை பெரியது என்றால் ஒருவன் என்ன செய்வான்? சின்னப் பணத்தில் பெரிய லாபம் காட்டும் இடத்துக்குத்தான் போவான். அதுதான் ஆப்ஷன் வாங்குவது. மார்க்கெட் ஏறும் என்று நினைத்தால் 'கால்', இறங்கும் என்று நினைத்தால் 'புட்'. அதை வாங்கக் கொடுக்கிற விலைதான் பிரீமியம், அதற்கு ஒரு கெடு உண்டு. நீங்கள் நினைத்த பக்கம் மார்க்கெட் போனால் மட்டும் போதாது, கெடுவுக்குள் போக வேண்டும், வேகமாகவும் போக வேண்டும். சும்மா இருந்தாலே ஒவ்வொரு நாளும் பிரீமியம் கரையும். பங்குச் சந்தைக் குறியீடுகளான நிஃப்டிக்குச் செவ்வாய்க்கிழமையும் சென்செக்ஸுக்கு வியாழக்கிழமையும் வாராந்தர எக்ஸ்பைரி, அதாவது கெடு முடியும் நாள். அந்த இரண்டு நாள் சாயங்காலம் பையன் போனில் எப்படிப் பேசுகிறான் என்று கவனியுங்கள், உங்களுக்கே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பையனுக்குக் காட்டுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (பிற்காலத் தேதிக்கு விலை பேசும் ஃப்யூச்சரும் ஆப்ஷனும்) வியாபாரம் செய்த 1 கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக சுமார் 2 லட்சம், எல்லோருக்குமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம் பேர்தான். மூன்று வருடத்தில் 1 லட்சம் என்றால் மாதத்துக்கு 3,000கூட இல்லை, கவனித்தீர்களா? 2024-25க்கான கணக்கும் பிறகு வந்தது, அதிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். 2023-24இல் இந்த வியாபாரம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே. என்னைச் சங்கடப்படுத்திய தகவல் இன்னொன்று: தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் அதன் பிறகும் நிறுத்தவில்லை.

அந்தப் பணம் எங்கே போனது? எதிர்ப்பக்கம் இருப்பது பெரும்பாலும் புரோக்கர் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் ப்ராப் டெஸ்க்குகளும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும்தான். அவர்கள் எடுத்த லாபத்தில் 96, 97 சதவீதம் அல்கோ, அதாவது தானாக வாங்கி விற்கும் கணினி நிரல்கள் மூலம் வந்தது என்கிறது அதே ஆய்வு. கோவை பேருந்தில் நின்றுகொண்டு போனில் விலை வரைபடம் பார்க்கும் பையன் போட்டியிடுவது அவர்களோடுதான்.

'மீதி 7 சதவீதத்தில் நான் இருப்பேன்' என்பான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சரி, அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. புரோக்கர் ஆப்பில் 'டேக்ஸ் பி அண்ட் எல்' என்று ஒரு லாப நஷ்ட அறிக்கை டவுன்லோட் செய்யலாம். முழு நிதியாண்டுக்கு, எல்லா புரோக்கர் கணக்குகளுக்கும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். லாபம் வந்த நாளின் ஸ்க்ரீன்ஷாட் எல்லோரிடமும் இருக்கும். அறிக்கையில் புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி எல்லாம் கழித்த பிறகு என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய்தானே என்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை வாங்கி விற்றால் 20 ஆர்டர், 400 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்து 472. மாதம் 20 நாள் என்றால் 9,440. எஸ்டிடியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் இதில் சேராது. 5 லட்சம் முதலில் மாதாமாதம் கிட்டத்தட்ட 2 சதவீதம் செலவுக்கே போகிறது. லாபமே வராவிட்டாலும் கட்டியாக வேண்டிய பணம் இது. 2024 அக்டோபரில் ஆப்ஷன், ஃப்யூச்சர் இரண்டுக்கும் எஸ்டிடியை உயர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையைக் காட்டத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில். கோபப்படாதீர்கள். எங்கேயாவது கடன் ஆப்பில் வாங்கியிருக்கிறானா என்று மட்டும் பக்குவமாகக் கேளுங்கள். அப்பாவை விட நீங்கள் கேட்பதே நல்லது.

அறிக்கையில் உண்மையிலேயே லாபம் இருந்தால்? அப்போதும் வேலையை விடச் சொல்ல மாட்டேன். ஒரு வருட லாபம் என்பது ஒரே மாதிரி மார்க்கெட்டில் வந்ததாக இருக்கலாம். ஏறும் மார்க்கெட், இறங்கும் மார்க்கெட், மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் மார்க்கெட் என்று மூன்றையும் பார்க்க இரண்டு மூன்று வருடமாவது வேண்டும். அதுவரை சம்பளத்திலிருந்து மாதம் 3,000, 4,000 போட்டு, கடன் இல்லாமல் செய்யட்டும். ஆப்ஷனை ஓரம் வைத்துவிட்டு, பங்குகளை முழுப் பணம் கொடுத்து டெலிவரியில் எடுத்து சில வாரம் வைத்து விற்கும் ஸ்விங் டிரேடிங் பழகலாம். அதற்கு 9:15 முதல் 3:30 வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, இரவில் ஒரு மணி நேரம் போதும். வேலையும் போகாது. சம்பளம் வருகிற வரைக்கும் "இந்த மாதம் எடுத்தே ஆக வேண்டும்" என்கிற நெருக்கடியும் இருக்காது. குறிப்பிட்ட நஷ்டத்தோடு வெளியேற வைத்த ஸ்டாப் லாஸை எடுத்துவிடுவதும், நஷ்டத்தில் இருப்பதையே மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதும் பெரும்பாலும் அந்த நெருக்கடியில்தான் நடக்கின்றன.

தம்பி, இது உனக்கு. மார்க்கெட் மேல் உண்மையான ஆர்வம் இருந்தால் அதன் பக்கத்திலேயே சம்பளம் வாங்கும் வேலைகள் இருக்கின்றன. செபி தொடங்கிய என்ஐஎஸ்எம் நிறுவனத்தின் சான்றிதழ் தேர்வுகளைப் பார். ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸுக்கு (ஃப்யூச்சர், ஆப்ஷன் வகை) எட்டாவது சீரிஸ், ரிசர்ச் அனலிஸ்டுக்குப் பதினைந்தாவது. வேலையில் இருந்துகொண்டே படித்து எழுதலாம். புரோக்கர் அலுவலகத்தில் டீலர், ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று நுழைய அது உதவும். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரிஸ்க் டெஸ்க்கில் ஒரு வருடம் உட்கார்ந்தால், வாடிக்கையாளர்களின் கணக்கு எப்படிக் காலியாகிறது என்பதை அடுத்தவர் பணத்தில் தெரிந்துகொள்வாய். மியூச்சுவல் ஃபண்ட் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது, அங்கேயும் முயன்று பார்க்கலாம். கணக்கு உனக்கு நன்றாக வரும் என்று அம்மா எழுதியிருக்கிறார். அப்படியானால் பைத்தான், புள்ளியியல் படித்து குவான்ட், அதாவது கணக்கு மாதிரிகளை வைத்து டிரேடிங் உத்தி வகுக்கும் பக்கம் போக முயற்சி செய். மேலே படிக்க மனம் இருந்தால் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் டேட்டா சயின்ஸ் இருக்கிறது, நுழைவுத் தேர்வு கடினம். அல்கோவோடு மோதுவதை விட அல்கோ எழுதுகிறவனாக இருப்பது மேல்.

அரசு வேலைக்குத் தயாராகும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் இப்படி அடிக்கடி வாங்கி விற்கும் ஊக வணிகத்தை அனுமதிப்பதில்லை.

அம்மா, அந்த 40,000 ரூபாய் டிரேடிங் கோர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எந்தப் பங்கை வாங்கு, விற்கு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்ல செபியின் பதிவு வேண்டும். ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் ஐஎன்எச் என்றும், முதலீட்டு ஆலோசகர் எண் ஐஎன்ஏ என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் அந்தப் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவு இருந்தாலும் லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டு, ஆப் ஸ்டோரில் இல்லாத ஏதோ ஒரு ஆப்பை இறக்கிப் பணம் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அதை விடப் பெரிய பிரச்சினை வங்கியில் வரும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீட்டுக் கடன் கொடுக்க இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்பார்கள், அதில் நிலையான லாபம் தெரிய வேண்டும். பிஎஃப் கிடையாது, கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடும் போய்விடும். வேலையை விடுவது பற்றிப் பேசும்போது இந்த மூன்றையும் ரூபாயில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எஃப் அண்ட் ஓவில் வருகிற லாபமும் நஷ்டமும் வருமான வரிக் கணக்கில் தொழில் வருமானம். சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் இதற்குச் செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். பையன் சம்பளத்தை மட்டும் காட்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறானா என்று கேளுங்கள். நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று பிற்காலத் தொழில் லாபத்தில் கழிக்கலாம். அன்றன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடே பங்கு வியாபாரத்துக்குச் சட்டம் வேறு, அந்த நஷ்டத்துக்கு நான்கு ஆண்டுதான், அதுவும் அதே வகை லாபத்தில் மட்டும். டேக்ஸ் பி அண்ட் எல் கையில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஈரோட்டில் உங்களுக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் இருவரும் சேர்ந்தே போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்