உருளைக்கிழங்கு மேயர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயர் ஹேசன் பிங்க்ரீ ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு பயிரிட நிலம் கொடுத்தார் என்று ஒரு வரி படித்தேன். எப்படி நடந்தது? நல்ல திட்டமாயிற்றே, ஏன் நிலைக்கவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘கொடுத்தார்’ என்பதில்தான் சிக்கல். நிலம் இரவல். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அதுவே.

1893 நிதி நெருக்கடியில் டெட்ராய்டில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். விலை ஏறட்டும் என்று வாங்கிப்போட்ட மனைகளோ புல் மண்டிக் கிடந்தன. 1894இல் பிங்க்ரீ அவற்றை உரிமையாளர்களிடம் இரவலாகக் கேட்டார். சுமார் 430 ஏக்கர் தேறியது. உழவுக்கும் விதைக்கும் நன்கொடை கேட்டபோது பணக்காரர்கள் கேலி பேசினார்களே தவிர, பெரிதாகக் கொடுக்கவில்லை. பிங்க்ரீ தன் குதிரையை ஏலம் விட்டு அந்தப் பணத்தைப் போட்டார்.

குடும்பத்துக்குக் கால் முதல் அரை ஏக்கர். நம் கணக்கில் 25 முதல் 50 சென்ட். உழுது, பாத்தி பிரித்து, விதைக்கிழங்கும் பீன்ஸ், டர்னிப் விதையும் கொடுத்தார்கள். போலந்து, ஜெர்மன் குடியேறிகள் அதிகம் என்பதால் பயிர்முறைக் குறிப்பை மூன்று மொழிகளில் அச்சடித்தார்கள். (இந்தச் சின்ன விஷயம் இல்லாவிட்டால் பாதி விதை வீணாகியிருக்கும் என்பது என் எண்ணம்.) நடவுக்கே ஜூன் ஆகிவிட்டது. சுமார் 3,000 பேர் கேட்டதில் 945 குடும்பங்களுக்குத்தான் கிடைத்தது. அப்படியும் சுமார் 3,600 டாலர் செலவில் 12,000 டாலருக்கு மேல் பெறுமான விளைச்சல். மற்ற நகரங்களும் பின்பற்றின.

ஆனால் மனை விலைபோனால் தோட்டம் போயிற்று. தொழில் தேறத் தேற, இரவல் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்பது இயல்புதானே.

இத்தனைக்கும் பிங்க்ரீ பொதுவுடைமைக்காரர் அல்ல, செருப்பு ஆலை முதலாளி. 1889 மேயர் தேர்தலில் குடியரசுக் கட்சியினர் ‘நம்ம ஆள்’ என்று நிறுத்திய வேட்பாளர். பிறகு டிராம் கட்டணம் 3 சென்ட்தான் என்று கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார். 1896இல் மிச்சிகன் மாநில ஆளுநராகவும் வென்று, இரண்டு பதவியும் வேண்டும் என்றார். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்ததும் மேயர் நாற்காலியை விட்டார்.

அவர் காலத்தில், 1895இல் ஓடத் தொடங்கிய தெருவிளக்கு மின்நிலையமோ இரவல் அல்ல, நகரின் சொந்தச் சொத்து. அதை நடத்திய நகராட்சித் துறை நூறாண்டுக்கு மேல் இருந்தது.