மதுரையில் பத்துப் பேர் சேர்ந்து ஓடி, இலங்கை மலையகத்தில் இருக்கும் ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் திரட்டி அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருக்கும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் ஓட்டம், எல்லோரும் ஒருவருடைய ஜிபேயில் போட்டுவிடுவது, அப்புறம் அவர் மொத்தமாக மலையகத்து ஹட்டனில் இருக்கும் அந்த அமைப்புக்கு அனுப்புவது என்கிறீர்கள். ஓட்டம் மூன்று மணி நேர வேலை. பணம் எந்த வழியில் போகும் என்பதுதான் இழுத்தடிக்கும். முதல் ரூபாயை வாங்குவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிடுங்கள்.

ஒருவர் கணக்கில் சேர்ப்பது ஏன் கூடாது? உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், கூடுதலாக வந்த பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் அவர் வரி கட்ட வேண்டியிருக்கும். அடுத்தது வங்கி. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் அதற்கான உறுதிமொழியில் ‘இந்தப் பணம் என்னுடையது’ என்று கையெழுத்துப் போட வேண்டும். ஊரார் கொடுத்த பணத்துக்கு அப்படிப் போட முடியாது. அறக்கட்டளை பேரில் கணக்குத் திறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எல்ஆர்எஸ் தனிநபருக்கு மட்டும்தான், அறக்கட்டளைக்குக் கிடையாது. போதாததற்கு, இந்திய அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழிக்கும் தொகைக்கு நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வரிவிலக்கும் கிடைக்காது.

ஆகவே கொடுப்பவரே தன் கணக்கிலிருந்து நேராக அமைப்பின் கணக்குக்கு அனுப்பட்டும். உங்கள் குழு பணத்தைத் தொடவே வேண்டாம். முந்நூறு பேரிடம் நூறு நூறாக வாங்கும் ஆசையையும் இங்கேயே விட்டுவிடுங்கள், வங்கிக் கட்டணமே அதைத் தின்றுவிடும். ஓடுகிற ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் கொடுக்கக்கூடிய இரண்டு பேரைப் பிடித்தால் போதும். இருபது பேர், 2 லட்சம். சின்னத் தொகை கொடுப்பவர்களுக்கு, அமைப்பின் இணையதளத்தில் கார்டு வசதி இருந்தால் அது தோது. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியிருக்கும், வங்கிச் செயலியில் திறந்துவிடச் சொல்லுங்கள்.

வங்கிக்குப் போகும்போது பான் கார்டு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம், அமைப்பின் பதிவுச் சான்று நகல், லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், வங்கிக் கணக்கு எண், அந்த வங்கியைச் சர்வதேச அளவில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு எல்லாம் கையில் இருக்கட்டும். படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்1303, அதாவது வெளிநாட்டுச் சமய, தொண்டு நிறுவனங்களுக்கான நன்கொடை. கவுன்டரில் பழக்கதோஷத்தில் எஸ்1301 என்று குடும்பச் செலவுக்கானதைப் போட்டுவிடுவார்கள், பார்த்துத் திருத்துங்கள். கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், செயலாளர் பெயரில் அல்ல. பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் பணம் திரும்பி வந்துவிடலாம், பிடித்த கட்டணம் வராது. நாணயம் மாற்றுவதற்கான ஜிஎஸ்டி 1 லட்சம் வரை 180 ரூபாயைத் தாண்டாது. டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, என்று பயமுறுத்துவார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் தாண்டினால்தான் அந்தப் பேச்சே. இடைவங்கிக் கட்டணத்தை அனுப்புபவரே ஏற்பதாகக் குறித்தால் அங்கே குறையாமல் போய்ச் சேரும்.

நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி கழிவு இதற்குக் கிடையாது. கொடுப்பவர்களிடம் வாக்கு வாங்கும் தாளின் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள், மார்ச் மாதம் ரசீது கேட்டு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கனடாக் குடியுரிமை வாங்கிய சித்தப்பா கொடுக்க ஆசைப்பட்டால் அவர் அங்கிருந்தே இலங்கைக்கு அனுப்பட்டும். அவர் பணத்தை மதுரைக்கு வரவழைத்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும்.

இனி ஓட்டம். பத்துப் பேரும் ஒரே வேகத்தில் ஓட மாட்டீர்கள். அதனால் அழகர்கோவில் சாலையில் ஒரே நீளமாக ஓடுவதைவிட வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றித் தொடரோட்டமாக வைப்பதே நல்லது. குளம் ஏறக்குறைய 305க்கு 290 மீட்டர், கரையே 1.2 கி.மீ. வரும், சாலையில் இன்னும் கொஞ்சம் கூடும். தூரத்துக்கு ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பாதீர்கள், நாலு மூலையிலும் குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டிவிடும். சைக்கிள் முன்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அது ஒரு முறை உருண்டால் எவ்வளவு என்று டேப்பால் அளந்து, உருட்டிக்கொண்டே எண்ணுங்கள்.

சுற்று 1.25 கி.மீ. என்று வந்தால், ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி. ஒருவர் இரண்டு சுற்று ஓடித் துண்டைக் கைமாற்ற வேண்டும், இப்படி இரண்டு முறை. அணிக்கு 20 சுற்று, 25 கி.மீ. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றாலும் 175 நிமிடம். காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் 8 மணிக்குள் முடியும். ஒரே அணியாக ஓடினால் 11 மணி ஆகிவிடும், அந்த வெயிலில் வேண்டாம். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே எழுபது நிமிடம் இடைவெளி விழும். கால் இறுகிப்போவது அப்போதுதான். நனைந்த பனியனை மாற்றிக்கொண்டு, தன் முறைக்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்து நடக்க வேண்டும்.

சுற்று எண்ணுவதில் தகராறு நிச்சயம் வரும். அணிக்கு ஒரு டப்பா வையுங்கள். சுற்று முடிந்தால் உள்ளே ஒரு புளியங்கொட்டை. அதைப் போடுகிறவர் ஓடாதவராக இருக்கட்டும், வேறு வேலையும் கொடுக்காதீர்கள்.

தேதிக்கு ஜனவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையும் இல்லை, வெயிலும் இல்லை. தைத் தெப்பத் திருவிழா வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே நிற்கவே இடம் இருக்காது. ஜனவரியில் ஆறரை மணிவாக்கில்தான் விடியும், அதனால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். வண்டிகள் எதிரே வரும் திசையில் ஓடுங்கள். சாயங்காலத் தின்பண்டக் கடைகள் நிற்கும் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கும், மிச்சம் மீதியைத் தேடி வரும் நாய்களும் இருக்கும். முந்தின வாரம் அதே நேரத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக மனுக் கொடுத்து, நகலை உள்ளூர் காவல் நிலையத்திலும் கொடுங்கள். குளத்தின் சுவரையொட்டி உள்ளே ஓடுவதானால் மீனாட்சியம்மன் கோவில் நிர்வாகத்தையும் கேட்க வேண்டும்.

பத்துப் பேருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று, இரண்டு சீப்பு வாழைப்பழம், பத்து ஓஆர்எஸ் பொட்டலம். லிட்டர் பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு கூடி வயிற்றைப் புரட்டும். ஜிகர்தண்டாவை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவையும் பனியன் செலவையும் ஓடுபவர்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

‘சுற்றுக்கு 100 ரூபாய்’ என்று வாக்கு வாங்காதீர்கள். ஓட்டம் முடிந்தபின் தொகையைக் கணக்குப் போட்டுச் சொல்லி, நினைவுபடுத்தி, அதற்குள் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். மொத்தத் தொகையாக வாங்கி, ஓட்டத்துக்கு முன்பே அனுப்ப வைத்துவிடுங்கள். மொய் நோட்டுப் போல ஒரு நோட்டு போடுங்கள்: பெயர், ஊர், தொகை, பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகல் வந்த தேதி, அமைப்பின் ரசீது எண். ரசீது இலங்கை ரூபாயில் வரும். இங்கே அனுப்பிய ரூபாயோடு அது நேராக ஒத்துப்போகாது என்பதால் நடுவில் டாலர் தொகைக்கு ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் அதை வைத்துத்தான் சரிபார்க்க முடியும்.