மாத்திரை இல்லாமல் பேருந்து ஏற முடியவில்லை. இதை எப்படி விடுவது?

கேள்வி: எனக்கு 38 வயது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 9 மாதங்களுக்கு முன்பு பேருந்தில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவேன் என்று தோன்றியது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். ‘டென்ஷன்தான்’ என்று சொல்லி மருத்துவர் அல்பிரசோலம் 0.25 மி.கி. எழுதித் தந்தார். அந்தச் சீட்டையே காட்டி இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்றாக இருந்தது இப்போது ஒரு நாளைக்கு மூன்றாகிவிட்டது. இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன், கை நடுக்கம் தாங்கவில்லை. மனைவி கூட வந்தால்தான் பேருந்தில் ஏறுகிறேன். மனநல மருத்துவரிடம் போனால் ஆயுசுக்கும் மருந்து என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மேடை பயத்துக்குத் தான் போடும் புரோப்ரனலால் மாத்திரையில் ஓர் அட்டையை நண்பர் தந்திருக்கிறார். சின்ன வயதில் எனக்கு ஆஸ்துமா உண்டு. ‘21 நாளில் மருந்தில்லாமல் குணம்’ என்று ஒரு பயிற்சி விளம்பரமும் பார்த்தேன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த வகை மருந்தை மாதக் கணக்கில் தினமும் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். அந்த இரண்டு நாளில் உங்கள் கை நடுங்கியதற்கு நோய் முற்றியது காரணமில்லை, மருந்து இறங்கியதுதான் காரணம். அல்பிரசோலம் சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் வடிந்தும் போகும். சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ராத்திரி போட்டது விடியும்போது இறங்கியிருக்கும், காலையில் எழுந்ததும் ஒரு பதற்றம் பிடிக்கும். நோய் கூடிவிட்டது என்று நினைத்து இன்னொன்றைப் போடுவீர்கள். ஒன்று மூன்றானது இப்படித்தான்.

இதில் உங்கள் தப்பு குறைவு. பழைய சீட்டை நீட்டினால் மாதா மாதம் எடுத்துக் கொடுக்கும் மருந்துக் கடை, ‘எத்தனை நாள்’ என்று எழுதாமல் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் மருத்துவர், இந்த இருவரையும்தான் முதலில் கேட்க வேண்டும். இந்த மாத்திரைக் குடும்பத்தில் முதலாவது 1960-ல் விற்பனைக்கு வந்தது. பழகிவிடும் என்பது அதற்கப்புறம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் தினசரி வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றின் எச்சரிக்கையையும் கடுமையாக்கி, அடிமையாதல், நிறுத்தும்போது வரும் தொந்தரவு இரண்டையும் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. அப்படியும் ‘சும்மா ராத்திரிக்கு ஒண்ணு போட்டுக்குங்க’ என்று சொல்லி அனுப்புவது நின்றபாடில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டிய இடத்தில் அந்தச் சீட்டுதான் சுலபமான வழி. எனக்கு இதில் பொறுமை போய் ரொம்ப நாளாகிறது.

இதை விடும் முறை எளிது, ஆனால் நாளாகும். மருத்துவர் கணக்குப் போட்டு, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வீதம் குறைத்துக்கொண்டே வருவார். குறைப்பது கஷ்டமாக இருந்தால் மெதுவாக வடியும் டயசெபம் மாதிரி ஒன்றுக்கு மாற்றி, அதிலிருந்து இறக்குவதும் உண்டு. மாதங்கள் ஆகலாம். நடுவில் ஒரு படியில் தங்கி நின்றாலும் பரவாயில்லை, நீங்களாக ஏற்றிவிடாமல் இருந்தால் போதும். இந்தக் காலத்தில் மதுவைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், அதில் உயிர் போனவர்கள் உண்டு. ஓபியாய்டு வகை வலி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்து, ஆயுசுக்கும் மருந்து என்ற பயம். வீட்டார் இரண்டு வேறு மருந்துகளை ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். உங்களுக்கு மனநல மருத்துவர் எழுதக்கூடியது பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரியான ஒன்று. அதைப் போட்ட அரை மணியில் சுகம் தெரியாது, அதனால் இன்னும் ஒன்று போடத் தூண்டவும் தூண்டாது. உண்மையைச் சொன்னால் முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம், குமட்டலும் இருக்கலாம். சிறிய அளவில் ஆரம்பிப்பது அதற்காகத்தான். பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகும். பத்தாவது நாள் ‘இது எனக்கு ஒத்துக்கலை’ என்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அவர்களிடம் இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நன்றாக ஆன பிறகும் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்துவிட்டு, பெரும்பாலானவர்கள் மெல்ல நிறுத்திவிடலாம். இதையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, விந்து வெளிப்பட நேரமாவது போன்றவை இந்த மருந்தில் சகஜம். ஆண்கள் பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மருந்தையே விட்டுவிடுகிறார்கள். வாய் விட்டுச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.

இப்போது நண்பர் தந்த அட்டை. இந்த ஒன்றில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். புரோப்ரனலால் மோசமான மருந்து இல்லை. மேடையேறும் முன் கை நடுங்காமல், இதயம் ஓடாமல் பிடித்துவைக்கும். பல பேருக்கு எழுதுகிறோம். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது. இதயத்தில் எந்த ஏற்பியை (மருந்து போய் ஒட்டும் இடத்தை) அது அடைக்கிறதோ, அதன் நெருங்கிய உறவு ஒன்று மூச்சுக்குழாயிலும் இருக்கிறது. குழாயை விரித்துவைப்பது அதன் வேலை. புரோப்ரனலால் ஆள் பார்க்காமல் இரண்டையும் அடைத்துவிடும். குழாய் சுருங்கி இழுப்பு வரும். அந்த நேரத்தில் இன்ஹேலரை எடுத்து அடித்தாலும், அது போய் வேலை செய்ய வேண்டிய இடத்தைத்தான் இந்த மாத்திரை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறதே.

‘சின்ன வயதில்தானே, இப்போது இல்லையே’ என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். 15 வருடமாக இழுப்பே வராதவருக்கும் மூச்சுக்குழாயின் கோபம் உள்ளே அடங்கிக் கிடக்கலாம். ‘கால் மாத்திரை?’ அதுவும் வேண்டாம். ‘நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ அவருக்கு ஆஸ்துமா இல்லை. மூச்சு முட்டினால் பதறிப்போகிற ஒருவருக்கு நிஜமாகவே மூச்சை முட்டவைக்கும் மாத்திரையைக் கொடுப்பது எவ்வளவு பெரிய அபத்தம், யோசித்துப் பாருங்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமாவை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

21 நாள் பயிற்சியில் சேர வேண்டாம். நாள் கணக்கு சொல்லி உத்தரவாதம் தருகிற யாரிடமும் சேர வேண்டாம். இந்தக் கடைகள் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. முதலில் ஓர் இலவசப் பரிசோதனை. ஏழெட்டுக் கேள்விக்கு டிக் அடித்தால் சிவப்பு எழுத்தில் ‘தீவிரம்’ என்று வரும். அடுத்த நிமிடம் ஒருவர் போனில் வந்து பேக்கேஜ் பேசுவார், இன்று ராத்திரிக்குள் கட்டினால் பாதிக் கட்டணம் என்பார். பேசுகிறவர் சிகிச்சை தருகிறவர் இல்லை, ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர். பதற்றத்தில் இருக்கும் மனிதரிடம் அவசரம் காட்டிப் பணம் பறிப்பதைவிடக் கேவலமான வியாபாரம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கேள்விகளும் பெரும்பாலும் 2006-ல் வெளியான, பதற்றத்தின் அளவைப் பார்க்கும் ஜிஏடி-7 என்ற கேள்வித்தாளிலிருந்து எடுத்தவை. அது யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குப் பொருள். நோய் இன்னதென்று அது சொல்லாது.

இன்னொரு கூட்டமும் உண்டு. வார இறுதியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ‘கவுன்சலர்’ பலகை மாட்டியவர்கள். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி பெற்றீர்கள், உத்தேசமாக எத்தனை அமர்வு, வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டு வேலை எதுவும் தராமல் வாரா வாரம் கதை கேட்டு அனுப்புகிறவரிடம் பதற்றத்துக்குப் பெரிய பலன் கிடைக்காது. ‘முதலில் மருந்தை நிறுத்து, அப்புறம் வா’ என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்குத் தேவையான சிகிச்சை சிந்தனை, நடத்தை இரண்டையும் சேர்த்துப் பழக்குவது. சிபிடி என்பார்கள். பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். இதன் சாரம் பேச்சில் இல்லை, பேருந்தில்தான் இருக்கிறது. உங்களுக்கு வந்தது போன்ற திடீர்ப் பதற்றத்தைப் பேனிக் அட்டாக் என்பார்கள். அது பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானே இறங்கும். நீங்கள் உச்சத்துக்கு முன்பே இறங்கி ஓடிவிடுகிறீர்கள், அல்லது மாத்திரை போட்டுக்கொள்கிறீர்கள். அதனால் அது தானாக இறங்கும் என்பதை உங்கள் உடம்பு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவைப்பதுதான் சிகிச்சை. முதல் வாரம் நிறுத்தத்தில் போய் நின்று இரண்டு பேருந்தை விட்டுவிட்டு வருவது. அடுத்து மனைவியோடு ஒரு நிறுத்தம். அப்புறம் மனைவி பின் இருக்கையில், நீங்கள் முன்னால். அதற்கப்புறம் அவர் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்க, நீங்கள் தனியாக. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும் வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது.

ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். ஓரளவு தேறியவர்களின் பர்ஸைத் திறந்தால், அட்டையிலிருந்து கத்தரித்து எடுத்த ஒற்றை மாத்திரை ஓரத்தில் இருக்கும். பல மாதமாகத் தொட்டிருக்க மாட்டார்கள், பின்பக்கத் தகடு கசங்கி எழுத்தே அழிந்திருக்கும். ஆனால் அது இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். மருத்துவர் சொன்ன அளவில் குறைத்து முடித்த பிறகு, அதையும் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பும் ஒரு நாள் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கணவர் ‘எனக்கு ஒன்றும் ஆகாதில்ல?’ என்று கேட்கும்போதெல்லாம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வது அன்புதான். ஆனால் அந்த ஆறுதல் கால் மணி நேரம்கூடத் தாங்காது, மறுபடி கேட்பீர்கள். ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு, அடுத்த தடவை ‘பதற்றம் வந்திருக்கிறது போல, இறங்கும்வரை பக்கத்தில் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லட்டும். இதை நீங்கள் இருவரும் நிதானமாக இருக்கும் நேரத்தில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஆரம்பித்தால் கைவிட்டுவிட்டாள் என்றுதான் உங்களுக்குத் தோன்றும்.

ஈசிஜி, எக்கோ எடுத்தீர்கள், சரி. தைராய்டு பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே நடுக்கம். ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். ‘டென்ஷன்தான்’ என்று சொல்லும் முன் அதை எழுதித் தர எத்தனை விநாடி ஆகிவிடும்? காபி எத்தனை குடிக்கிறீர்கள் என்றும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாதியாகக் குறையுங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம்.

மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ நேரம் கிடைக்க வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் பதற்ற நோய் இருந்தவர்கள் சுமார் 30 கோடி. சிகிச்சை கிடைப்பது நாலில் ஒருவருக்குத்தான். மருந்தில்லாத ஊர் குறைவு, கற்றுக்கொடுக்க ஆளில்லாத ஊர்தான் அதிகம். காத்திருக்கும் நாளில் மாத்திரையை இப்போதைய அளவிலேயே வையுங்கள், ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். மருந்து தீரும் முன்பே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, நிலைமையைச் சொல்லி, அவர் கையாலேயே புதுச் சீட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு எத்தனை போட்டீர்கள், எப்போது பதற்றம் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனநல மருத்துவரிடம் அந்த இரண்டு பக்கம் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அலுவலகத்தில் இதையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் மருந்தைக் குறைக்கும் வாரங்களில் தூக்கக் கலக்கமோ தலைசுற்றலோ இருந்தால், அது தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.