மடூரோ சுருட்டு பாதியில் கசப்பது ஏன்?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் மடூரோ என்ற கறுப்புச் சுருட்டுகள் மூன்று கொடுத்தார். மேலே சுற்றியிருப்பது மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலை என்றார். ஒன்றைப் பிடித்தேன். முதலில் காப்பி, கோகோ வாசனையோடு நன்றாகத்தான் இருந்தது; பாதிக்கு மேல் ஒரே கசப்பு. கறுப்புச் சுருட்டு என்றாலே காட்டம்தானா? இது தரமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? — சென்னை வாசகர்

பதில்: கறுப்புக்கும் காட்டத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். காட்டம் நிக்கோடினால் வருவது. செடியின் உச்சியில் நல்ல வெயிலில் வளரும் ‘லிகெரோ’ இலையை உள்ளே எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதே அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மேலிலையின் கறுப்பு பதப்படுத்தும்போது வந்த நிறம். ஈரப்படுத்திய இலைகளைப் பெரிய அம்பாரமாக அடுக்கினால் அது தானாகவே சூடேறும். சூடு எல்லை மீறுவதற்குள் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து மறுபடி அடுக்குவார்கள். அம்மோனியா வெளியேறும், கார்ப்பு தணியும், நிறம் ஏறும். மடூரோவுக்கு இதே வேலை அதிகச் சூட்டில், அதிக காலம் நடக்கும். மெல்லிய இலை இதைத் தாங்காது. வெராக்ரூஸ் மாநிலத்து எரிமலை மண்ணில் விளையும் சான் ஆந்த்ரேஸ் இலை தடிமனானது, தாங்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃபும் அப்படித்தான்.

மிச்சமிருக்கும் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் அங்கங்கே கூடக்குறைய இருந்தால் குறையில்லை; எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரே சீராக, பூசிவிட்டதுபோல் கன்னங்கரேல் என்று இருந்தால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒட்டுவது சகஜம், விரலே கறுத்தால் சாயம் ஏற்றியது என்று சந்தேகப்படலாம். ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் புகையிலை வண்டு. நம் ஊர் வெயிலுக்கு அதன் முட்டை சுலபமாகப் பொரிந்துவிடும். நுனியிலிருந்து நுனிவரை மெல்ல அழுத்திப் பார்த்தால் கட்டியான இடம், தொளதொளவென்ற இடம் இரண்டும் கைக்கே தெரியும்.

சரி, கசப்புக்கு வருவோம். நீங்கள் வேகமாக இழுத்திருப்பீர்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம். எண்ணெய்ப் பசையுள்ள தடித்த மேலிலை மெதுவாக எரியும்; அணைந்துவிடுமோ என்ற பயத்தில் அடிக்கடி இழுப்போம். நெருப்பு சூடேறி, இனிப்பு முழுக்கக் கருகிவிடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அணைந்தால் அணையட்டும், சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடி பற்றவையுங்கள். சுருட்டை விரலால் தொட்டு, நெருப்புக்குச் சற்றுத் தள்ளியும் சுடுகிறது என்றால் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அடுத்த சந்தேகம் ஈரம். சென்னைக் காற்றில் திறந்து வைத்த சுருட்டு ஊறிப்போகும், அப்புறம் பலமாக இழுக்காமல் புகை வராது. ஏசி அறையிலேயே கிடந்தால் காய்ந்து மடமடவென்று எரியும். இரண்டிலும் முடிவு கசப்புதான். காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலம் ஒன்றோடு இரண்டு வாரம் போட்டு வையுங்கள்.

பிறகு நுனியை வெட்டி, பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உலர்திராட்சை, கோகோ மாதிரி ஏதாவது நாக்கில் படும். காற்றே வரவில்லை என்றால் சுருட்டிய விதத்தில் கோளாறு. பற்றவைத்ததும் முதல் சில இழுப்புகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புகையை நுரையீரலுக்குள் விடாமல் வாயில் நிறுத்தி, அதில் சிறிதளவை மட்டும் மூக்கு வழியாக விடுங்கள். மிளகுக் காரமும் மண் வாசனையும் அங்கேதான் பிரிந்து தெரியும். நல்ல மடூரோ நடுப்பகுதியில் மாற வேண்டும்: இனிப்பு குறைந்து மண், மிளகு, கசப்புச் சாக்லேட் என்று போகும். சாக்லேட் கசப்பு வேறு, நாக்கை இழுத்துப் பிடிக்கும் தார்க் கசப்பு வேறு. சாம்பல் வெள்ளையா சாம்பல் நிறமா என்று பார்த்துத் தரம் சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் மண்ணின் தாது விஷயம்.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. வெறும் வயிற்றில் பிடிக்கவே வேண்டாம். தலை சுற்றினால் அணைத்துவிட்டு, சர்க்கரை போட்ட டீ குடியுங்கள். இரண்டாவது சுருட்டை இவ்வளவு நிதானமாகப் பிடித்தும் அதே இடத்தில் கசந்தால் தப்பு சுருட்டில்தான். மூன்றாவதை வீணாகப் பிடிக்க வேண்டாம்.