அண்ணாச்சி, இந்த வயரை எங்கே மாட்ட?

கேள்வி: எங்கள் தாத்தா வில்லுப்பாட்டுக்காரர். 2006இல் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் அவர் பாடியது இரண்டு விசிடியில் இருக்கிறது. தாத்தா இப்போது இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. பழைய டிவிடி பிளேயர் நன்றாக ஓடுகிறது. ஆனால் புது டிவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் மாட்ட இடமே இல்லை. இரண்டு ஹெச்டிஎம்ஐ துளையும், 'ஏவி இன்' என்று ஒரு சின்ன வட்டத் துளையும்தான் இருக்கின்றன. கடையில் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். மாட்டினால் விளக்கு எரிகிறது, படம் வரவில்லை. இந்தக் கொடைக்குத் திரை கட்டி புரொஜெக்டரில் போடலாம் என்கிறான் தம்பி. என்ன செய்யலாம், அண்ணாச்சி?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த இரண்டு விசிடியையும் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். வயரைச் சோதிக்க வீட்டில் கிடக்கிற ஏதாவது சினிமா விசிடி போதும். தாத்தாவின் பாட்டு வேறு எங்கும் கிடைக்காது.

அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 'ஹெச்டிஎம்ஐ டு ஏவி' என்று இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது புதுக் கருவியைப் பழைய டிவியில் மாட்டுவதற்கானது. உங்களுக்குத் தேவை 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ'. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றைத் திருப்பி மாட்டி இன்னொன்றாக்க முடியாது. விளக்கு எரிகிறது என்றால் 5 வோல்ட் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான்.

டிவிக்கு இந்த இரண்டு பெட்டியுமே வேண்டாம். அந்த 'ஏவி இன்' வட்டத் துளையே போதும். ஒரு முனையில் ஹெட்போன் பின் மாதிரியும், மறுமுனையில் மூன்று நிறத் துளைகளுமாக ஒரு சாண் வயர் உண்டு. டிவி வந்த அட்டைப் பெட்டியில் தேடுங்கள், பல டிவிகளோடு அது வரும். கடையில் வாங்கினால் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையம் இருந்தால் அது வெறும் ஹெட்போன் பின், படம் வராது. சரியான பின்னிலும் உள் இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராவிட்டால் மஞ்சளைச் சிவப்பின் இடத்தில் மாட்டிப் பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்தி ஏவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் படத்தின் அளவை 4:3இல் வையுங்கள். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் தாத்தா முகமே மாறிப்போகும், ஆச்சிக்கு அது பிடிக்காது.

அடுத்தது புரொஜெக்டர். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிதான், டிவிடியில் இருப்பதில் நாலில் ஒரு பங்கு. திரையைப் பந்தல் அகலத்துக்குக் கட்டினால் எல்லாம் கலங்கித் தெரியும். ஆறடி அகலம் போதும்.

எனக்குப் படத்தைவிடச் சத்தம்தான் முக்கியம். புரொஜெக்டருக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் குடத்தின் ஆழ்ந்த ஓசை எழும்பாது, வில்லின் மணிச் சத்தம் மட்டும் தகரம் தட்டினாற்போல் கேட்கும். குடமும் உடுக்கும் இல்லாமல் அது என்ன வில்லுப்பாட்டு? மஞ்சளை மட்டும் புரொஜெக்டருக்குக் கொடுத்துவிட்டு, சிவப்பையும் வெள்ளையையும் நேராக மைக்செட்காரரின் ஆம்பிளிஃபயருக்குக் கொண்டுபோங்கள்.

1990களில் நான் வீடியோ கேசட் போடும் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கம் ஒரு கொடையில் டெக்குக்கு வீட்டு லைன், ஆம்பிளிஃபயருக்கு ஜெனரேட்டர் என்று கொடுத்துவிட்டேன். விடிய விடிய 'உர்ர்' என்று ஒரே இரைச்சல். வயரை மாற்றி மாற்றிப் பார்த்தும் போகவில்லை. இரண்டுக்கும் எர்த் வேறு வேறாக இருந்ததுதான் காரணம் என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். அதனால் பிளேயர், புரொஜெக்டர், ஆம்பிளிஃபயர் மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள்.

புரொஜெக்டரில் மஞ்சள் துளை இல்லாமல் ஹெச்டிஎம்ஐ மட்டும் இருந்தால்தான் அந்த 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ' பெட்டி தேவைப்படும். அதற்கும் முன்னால் ஒன்று சொல்கிறேன். அந்த விசிடிகளைக் கொடைக்கு எடுத்துப்போகவே வேண்டாம். 2006இல் வீடியோ எடுத்தவர் கம்ப்யூட்டரில் பதிந்து தந்த டிஸ்க்காகத்தான் இருக்கும். அதில் படம் பதிவாகியிருப்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெக்கையும் பட்டு ஆண்டுகள் போகப் போக அது மங்கும். டிஸ்க் டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் எம்பி4 வீடியோ ஃபைலாக மாற்றி வாங்குங்கள். போடுவதற்கு முன் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. இரண்டு பென்டிரைவில் ஏற்றி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

எம்பி4 கையில் வந்தபின் லேப்டாப்பிலிருந்து ஒரு ஹெச்டிஎம்ஐ வயர் புரொஜெக்டருக்கு, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் ஆம்பிளிஃபயருக்கு. வேலை முடிந்தது. அந்தச் சின்னப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடைக்கு முந்தின நாள், நன்றாக இருட்டின பிறகு, கோயில் முன்னால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டம் இல்லாமல் அவர் ஒருமுறை கேட்கட்டும்.