மெலிந்துபோகும் புள்ளிமான்: ஒரு ஸ்மியரை நம்பாதீர்கள்

பெண் மான் நன்றாகத் தின்றும் நாலு மாதமாக எலும்பும் தோலுமாகிறது, புழுக்கை கட்டாமல் கூழாகப் போகிறது, குடற்புழு மருந்துக்கும் கேட்கவில்லை, ஆனால் புழுக்கையைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து, குடலைத் தாக்கி மெலியவைக்கும் பாக்டீரியா நோயான ஜோனீஸ் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் கிருமி புழுக்கையில் விட்டு விட்டுத்தான் வெளியேறும். சில வார இடைவெளியில் மூன்று முறையாவது புதுப் புழுக்கை எடுத்து பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்கும் அனுப்புங்கள். கல்ச்சர் முடிவு வர 2 முதல் 4 மாதம்கூட ஆகலாம், காத்திருக்கத்தான் வேண்டும்.

ரத்தத்தில் ஆன்டிபாடியை, அதாவது நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசா கிட் மாட்டுக்குச் செய்தது, அதை அப்படியே மானுக்குப் போட்டு நெகட்டிவ் என்றால் நான் நம்பமாட்டேன், அது மானின் ஆன்டிபாடியைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். ரத்தத்துக்காக விரட்டிப் பிடிக்கவும் வேண்டாம், புள்ளிமான் அந்தப் பயத்திலேயே செத்துவிடலாம்.

அப்புறம், கூட்டத்தில் எது செத்தாலும் அறுத்துப் பார்க்காமல் புதைக்காதீர்கள். குடல் தடித்துத் தெரியாவிட்டாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அதை ஒட்டிய நிணநீர்க் கணுக்களும் ஃபார்மலினில் கொஞ்சம், ஐஸில் கொஞ்சம் போகட்டும். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது, எந்த அடைப்பில் வளர்ந்தது என்று இன்றே நோட்டுப் போடுங்கள். பெரும்பாலும் குட்டியில்தான் தொற்றும், நோய் தெரிய பல மாதங்களோ வருடங்களோ ஆகலாம்.